பையைத் திறக்கும் முன்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

31 வருடம் வாத்தியார் வேலை பார்த்து, அதில் கடைசிச் சில வருடங்கள் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் நான்கு பள்ளிக்காரர்கள் அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகும் தீர்மானத்தின் நகலைக் கொண்டுவந்து, "சார், இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார்கள். பார்த்தேன். நான்கும் ஒன்றுதான். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியதை எடுத்துப் பள்ளியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஒரு பள்ளி அதையும் மறந்துவிட்டது.

தீர்மானத்தில் இருப்பது மூன்று வரி. பள்ளி வளாகத்துக்குள் கத்தி, அரிவாள் முதலிய ஆயுதங்களுக்கு முழுத் தடை. தினமும் காலையில் வாசலில் பை சோதனை. எவனாவது சிக்கினால் அன்றைக்கே டிசி.

முதல் வரியில் எனக்குச் சண்டை இல்லை. பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குள் அரிவாள் வரக் கூடாது என்பதற்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம்தான். மற்ற இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்த மடல். நான்கு பேரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதே விதியை நானே ஒரு முறை நிறைவேற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பையன். கடைசி பெஞ்சு. பையில் பழைய சாரத்தைச் சுற்றி, வாழைத்தார் வெட்டுகிற அரிவாள் ஒன்று. பி.டி. சார்தான் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் என் அறையில் கூடினோம். போலீசுக்குச் சொல்ல வேண்டாம், பையன் வாழ்க்கை போய்விடும் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். அவ்வளவு நல்ல மனசு எங்களுக்கு. அப்பாவை வரவழைத்து, 'பெற்றோர் வேண்டுகோளின் பேரில்' என்று எழுதி, நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டு, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டிசியைக் கையில் கொடுத்தோம். கையெழுத்து என்னுடையது. அறையில் ஏழு பெரியவர்கள் இருந்தோம். 'எதுக்குல கொண்டுவந்த?' என்று அவனை மிரட்டினோமே தவிர, பதில் வரும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வாழைக்காய் மண்டியில் அவனைப் பார்த்தேன். லாரியில் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இறங்கி வந்து "சார்" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன், இல்லை, அவன்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தான். பள்ளியில் பதிலுக்குக் காத்திருக்காத அதே கேள்வியை அங்கே கேட்டேன்.

"நாலு பேரு சார். சாயங்காலம் ஆத்துப் பாலத்துல நிப்பானுவ. சைக்கிள நிப்பாட்டி, செயினக் கழத்தி அடிப்பானுவ. எந்தத் தெருவுன்னு கேட்டுக் கேட்டு அடிப்பானுவ. வெட்டணும்னு கொண்டாரல சார். கையில இருந்தா விட்டுருவானுவன்னு நெனச்சேன்."

அந்த நான்கு பேரும் எங்கள் பள்ளி மாணவர்கள்தான். ஒருவன் காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பவன், நல்ல குரல். நால்வரும் பத்தாம் வகுப்பில் தேறிப் போனார்கள். அவர்கள் பையை எந்த நாளில் சோதித்திருந்தாலும் புத்தகமும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்திருக்கும். எங்கள் விதி பிசகாமல் வேலை செய்து, அடிவாங்கியவனை வெளியே அனுப்பி, அடித்தவர்களை உள்ளே வைத்துக்கொண்டது.

பயந்தவன்தான் எப்போதும் அரிவாள் கொண்டுவருவான் என்று சொல்ல வரவில்லை. வன்மத்தோடு கொண்டுவருகிறவனும் உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னைப் பாரிமுனைப் பக்கம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். மதிப்பெண் குறைந்ததைப் பற்றி டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார் என்ற கோபம். 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் பையிலிருந்து அரிவாளை எடுத்து உடன் படிப்பவனை வெட்டினான். குறுக்கே பாய்ந்து தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. இந்த இரண்டு நாளிலும் வாசலில் பையைத் திறந்து பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மற்றவற்றையும் பாருங்கள். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கையில் கட்டும் சாதிக் கயிற்றை வைத்து மூண்ட சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் செத்துப்போனான். அவனைத் தாக்கியது கல்லால். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், உடன் படித்த பையன்களே வீடு தேடிப் போய் ஒரு மாணவனையும் குறுக்கே வந்த தங்கையையும் வெட்டினார்கள். 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில், வெளியாள் ஒருவன் அரசுப் பள்ளிக்குள்ளேயே நடந்து வந்து ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அவனுக்குப் பள்ளிப் பை ஏது? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து பரீட்சைக்குப் போன பதினோராம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. கல், வீடு, வெளியாள், பஸ். உங்கள் வாசல் சோதனை இதில் எதை நிறுத்தியிருக்கும்?

ஆனால் இந்தச் சம்பவங்களில் பலவற்றுக்கு ஒரு 'முந்தைய வாரம்' இருந்தது. பாளையங்கோட்டைச் சிறுவர்களுக்குள் பென்சில் விஷயமாகத் தகராறு வந்து சுமார் ஒரு மாதம் ஆகியிருந்தது என்று போலீசார் சொன்னார்கள். ஒரு மாதம் என்றால், சனி ஞாயிறு போக ஏறக்குறைய இருபது நாள் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கரும்பலகையைப் பார்த்திருக்கிறார்கள். நாங்குநேரிப் பையன் தொல்லை பொறுக்காமல் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். சொன்னதற்குப் பிறகு வீட்டுக்கு அரிவாள் வந்தது. நான் டிசி கொடுத்த பையனுக்கோ ஆற்றுப் பாலத்தில் எத்தனை சாயங்காலம் போயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது.

வெட்டிவிட்டவனை என்ன செய்வது என்பதற்குச் சட்டம் இருக்கிறது, இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது, கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. அது நம் வேலை இல்லை. அந்த முந்தைய வாரம்தான் நம் வேலை. உங்கள் தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இனி பை சோதனைக்கு வருகிறேன். உங்கள் பள்ளியில் 700 பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு பைக்கு 20 விநாடி. கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு பேர் நின்று பார்த்தாலும் ஒரு மணி நேரம். வழிபாடும் முதல் பீரியடும் வாசலிலேயே முடிந்துவிடும். முதல் மூன்று நாள் செய்வீர்கள். நான்காம் நாள் 'எல்லார் பையும் வேண்டாம், சந்தேகப்படுறவன் பைய மட்டும் பாப்போம்' என்று யாராவது சொல்வார். சந்தேகம் யார் மேல் வரும்? இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் ஏறினான் என்பதை வைத்து வரும். ஒரே மாதத்தில் ஒரு தெருப் பிள்ளைகள் பையைத் திறந்து காட்டுகிறவர்களாகவும், இன்னொரு தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறவர்களாகவும் ஆகிவிடுவார்கள். அப்படி ஒரு காட்சியைத் தினமும் காலையில் நாமே நடத்தினால், அரிவாள் பாலத்துப் பக்கம் பத்திரமாக வளரும்.

செய்தே ஆக வேண்டுமென்றால், தினம் ஒரு வகுப்பைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்த வகுப்பில் லீடர் முதல் கடைசி பெஞ்சு வரை எல்லார் பையும், ஆசிரியர் பிள்ளை பையும் சேர்த்து. பெண் பிள்ளைகளின் பையை ஆசிரியை மட்டும், தனி அறையில் பார்க்கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பையில் இருக்கும் நாப்கினை வாசலில் நூறு பேர் முன்னால் வெளியே எடுத்துப் போட்டால், அந்தப் பெண் மறுநாள் வரமாட்டாள். எது ஆயுதம் என்பதையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் காம்பஸையும் பென்சில் சீவும் பிளேடையும் பிடுங்கி மேசையில் குவித்து, கண்காட்சி வைத்ததுபோல் போட்டோ எடுத்து அனுப்புவதில்தான் போய் முடியும்.

அரிவாள் எங்கே கிடைக்கிறது என்று கேட்கிறவர்கள் நம் ஊர்க்காரர்களாக இருக்க முடியாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. 2021இல் கொலைகள் வரிசையாக நடந்தபோது, அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் வாங்குபவரின் பெயர், முகவரியை எழுதி வைக்க வேண்டும் என்று காவல்துறை சொன்னது. நல்ல யோசனை. ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் பட்டறைக்கா போகிறான்? எரவாணத்தில் அப்பா செருகி வைத்ததை உருவிக்கொண்டு வருகிறான். கோயில் கொடையில் சாமியாடி கையில் பார்த்தது, மாடன் கையில் பார்த்தது, சினிமாவில் நாயகன் முதுகில் பார்த்தது, போன வாரம் அண்ணன் ஒருவனின் ஸ்டேட்டஸில் பாட்டோடு பார்த்தது. பொருள் புதிது இல்லை. அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவனுக்குத் தோன்றிய நாள்தான் புதிது. அந்த நாளை வாசலில் நிற்கும் யாரும் பார்க்க முடியாது. வகுப்பில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

மூன்றாவது வரி, டிசி. இது சட்டப்படியே செல்லாது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. உங்கள் குழு இருப்பதே அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவினால். இருக்க இடம் கொடுத்த சட்டத்தையே மீறித் தீர்மானம் போடப் பார்க்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்யலாமே என்றால், நாங்கள் செய்ததைத்தான் செய்வீர்கள்: அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, 'வேண்டுகோளின் பேரில்' என்று ஒரு பொய். அந்தப் பையன் அடுத்த பள்ளிக்குப் போவான், அல்லது மண்டிக்குப் போவான். பாலத்தில் நிற்கிறவர்கள் அங்கேயே நிற்பார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஒரு நபர் குழுவாக இருந்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பத்திரிகைகளில் அடிபட்டதெல்லாம் கயிறும் நெற்றிப் பொட்டும்தான். கலர் கயிறு கட்டக் கூடாது, சைக்கிளில் சாதி வண்ணம் பூசக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கயிற்றைப் பற்றிப் பள்ளிக் கல்வி இயக்குநர் 2019லேயே சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சர் பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். பள்ளக்கால் பொதுக்குடிப் பையன் செத்தது அதற்குப் பின் மூன்றாவது வருடத்தில். அந்தக் கணக்கை நான் யாரிடமும் போய்க் கேட்க முடியாது, ஆனால் மறக்கவும் முடியவில்லை.

அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதிகம் பேசப்படாத ஒன்று. 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று ஒருவர் வேண்டும் என்கிறார் சந்துரு. பாடம் நடத்தாத, மார்க் போடாத, பிரம்பு எடுக்காத ஒருவர். பிள்ளை போய் உட்கார்ந்து, 'சார், பாலத்துல நாலு பேரு' என்று சொல்லக்கூடிய ஒருவர். அது எப்போது வருமோ, வருமோ வராதோ. அதுவரை உங்கள் பள்ளியில் அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள்?

'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பல பள்ளிகளில் அது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில், சுவரில், கேமராவுக்குக் கீழே. அதில் சீட்டுப் போடுகிறவனை மொத்த வராந்தாவும் பார்க்கும். எங்கள் பள்ளியிலும் ஒரு புகார்ப் பெட்டி அப்படித்தான் இருந்தது. ஒருமுறை திறந்தபோது கிடைத்தவை மூன்று மிட்டாய்க் காகிதமும், கணக்கு சாரைப் பற்றி ஒரு கவிதையும். கவிதை நன்றாகவே இருந்தது. பாலத்தைப் பற்றி ஒரு சீட்டும் இல்லை. பெட்டியைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் வையுங்கள், எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டிய இடம்.

சீட்டு வந்துவிட்டால் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது இன்னும் கடினம். நாங்குநேரி சொல்லித் தந்த பாடம் அதுதான். புகார் சொன்ன பையனின் பெயர் எதிராளி காதுக்குப் போனால், நாம் அவனைக் காப்பாற்றவில்லை, காட்டிக் கொடுத்திருக்கிறோம். புகார் வந்த அன்றே இரண்டு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்தி, 'கை குடுங்கல' என்று சமாதானம் செய்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். கை கொடுப்பார்கள், வாசலைத் தாண்டியதும் 'சாரு கிட்டயால சொன்ன?' என்று ஆரம்பிக்கும். முதலில் செய்ய வேண்டியது புகார் சொன்னவன் எப்படி வீட்டுக்குப் போகிறான், எந்தப் பஸ், யாரோடு என்று பார்ப்பது. ஒரு வாரத்துக்கு ஆசிரியரோ குழு உறுப்பினரோ அந்தப் பாலத்தில் போய்ச் சும்மா நின்றால் போதும். ஆசிரியர்களால் எல்லாம் முடியாது. அவர்களும் பயந்துபோயிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் குறுக்கே பாய்ந்தவரை எல்லாரும் பாராட்டினோம், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போன ஆசிரியைகளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பாலத்தில் நிற்க உங்களால் முடியும். நீங்கள் அந்த ஊர்க்காரர்கள், அந்த நாலு பேரின் மாமனோ சித்தப்பனோ உங்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

அதனால் தீர்மானத்தை இப்படித் திருத்தித் தருகிறேன். தடை இருக்கட்டும். சோதனை, சீட்டுக் குலுக்கி, வகுப்பு முழுவதற்கும். டிசி என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இதை எழுதுங்கள்: 'ஆயுதத்தோடு வரும் மாணவனிடமிருந்து அதை வாங்கிப் பூட்டி வைத்த பின், அவன் யாருக்குப் பயந்து அல்லது யார் மீது கோபப்பட்டு அதைக் கொண்டுவந்தான் என்பதை, அவன் நம்பும் ஆசிரியர் ஒருவர் தனியாகக் கேட்டு அறிய வேண்டும். தெரியும்வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அவன் குறிப்பிடும் மாணவர்களின் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேச வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து வராத மாணவனின் வீட்டுக்குக் குழு உறுப்பினர் ஒருவர் நேரில் செல்ல வேண்டும்.' அவசரத்துக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் கரும்பலகையின் மூலையில் பெயின்டால் எழுதிவிடுங்கள். சாக்பீஸ் வேண்டாம், அழித்துவிடுவார்கள்.

இன்னொன்று. உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நீங்கள் கொண்டுவந்த பழைய கூட்டக் குறிப்பேடுகளின் கையெழுத்துகளைப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருக்க வேண்டிய தாய்மார்களின் பெயர்களுக்கு நேரே, மாதக் கணக்காக இடம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தையும் மதியம் இரண்டரை மணிக்கு என்றுதான் போட்டிருக்கிறீர்கள். வயலுக்கும் பீடிக் கடைக்கும் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? ஐந்து மணிக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு அந்தத் தெருவுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்
தாமிரபரணிக் கரை